பெர்க்மன் இல்லாமல் லிவ் உல்மன் யார்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 'பெர்சோனா' படம் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: நார்வே நடிகை லிவ் உல்மனைப் பற்றி எங்கே தேடினாலும் ஸ்வீடிஷ் இயக்குநர் இங்மர் பெர்க்மன் பெயர்தான் முன்னால் வந்து நிற்கிறது, பெர்க்மன் இல்லாவிட்டால் இவர் யார்? ஹாலிவுட்டுக்குப் போய் வரிசையாகப் படங்கள் ஊற்றிக்கொண்டனவே, அவர் ஒரே ஒரு இயக்குநரின் கையில் மட்டும் எடுபட்ட நடிகை என்பதற்கு அது போதாதா? கூடவே, எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம், முடிவில் சொல்கிறேன். முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். திரையில் பார்த்து நாம் அசந்துபோகிற நடிப்பில் எவ்வளவு நடிகருடையது, எவ்வளவு இயக்குநருடையது?

நான் விமர்சகன் இல்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் படத்தொகுப்பு செய்கிறேன். சினிமா கொஞ்சம், தொலைக்காட்சித் தொடர்கள் நிறைய. அதனால் இது எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருப்பவன் சொல்லும் பதில். ஒரு நடிகையின் மனதுக்குள் என்ன ஓடியது என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஸ்வீடிஷ் மொழியும் தெரியாது, சப்டைட்டிலை நம்பித்தான் அத்தனையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, நார்வேக்காரரான உல்மன் ஸ்வீடிஷ் வசனம் பேசும்போது அது அந்த ஊர்க் காதில் எப்படி விழும் என்பது பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. ஆனால் ஒரு முகத்தைத் திரையில் எத்தனை நொடி வைக்கலாம், எப்போது அது சரக்குத் தீர்ந்துபோய் வெறும் முகமாகிவிடும் என்பதைக் கணக்குப் பார்த்தே சோறு தின்றவன் நான். அதைப் பற்றிப் பேசலாம்.

பெர்க்மனுக்கு முந்தைய உல்மனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. 1938 டிசம்பர் 16 அன்று டோக்கியோவில் பிறந்தவர். அப்பா நார்வேஜியப் பொறியாளர், வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தார். போர்க்காலத்தில் குடும்பம் கனடாவுக்குப் போனது; டொராண்டோவில் நார்வே விமானப்படையின் முகாமில் அப்பாவுக்கு வேலை. பிறகு நியூயார்க். அங்கே மூளைக்கட்டியால் அப்பா இறந்தபோது லிவ் சின்னக் குழந்தை. அம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு நார்வே திரும்பி, டிரான்ட்ஹெய்ம் நகரில் புத்தகக் கடையில் வேலை பார்த்து வளர்த்தார். நார்வேயில் இருந்த தாத்தா, யூதர்கள் தப்பிக்க உதவியதற்காக நாஜிகளால் டாஹவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர். லிவ் நடிப்பு படிக்க ஆசைப்பட்டு ஆஸ்லோவின் நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தார், தேர்வாகவில்லை. லண்டனில் சில மாதங்கள் பயின்றுவிட்டு வந்து, 1957இல் ஸ்டவாங்கர் நகர நாடக அரங்கில் ஆன் ஃபிராங்காக மேடையேறினார். பத்தொன்பது வயதைத் தொடும் பெண், மறைந்து வாழும் ஒரு சிறுமியின் வேடத்தில். அதற்குப் பிறகு ஆஸ்லோவின் பெரிய மேடைகள். 1959இல் 'உங் ஃப்ளுக்ட்' என்ற நார்வேஜியப் படத்தில் கதாநாயகி. இயக்கியவர் எடித் கார்ல்மார், நார்வேயில் முழுநீளப் படம் எடுத்த முதல் பெண். பெர்க்மன் இவரைப் பார்ப்பதற்கு முன்பே ஏழெட்டு வருட மேடைப் பயிற்சி இருந்தது என்பதுதான் இதில் முக்கியம். தெருவோரத்தில் கண்டெடுத்த பெண் என்கிற கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

தெருவில் பார்த்தார் என்பது என்னவோ நிஜம்தான். 1962இல் வந்த ஒரு படத்தில் உல்மனும் ஸ்வீடிஷ் நடிகை பிபி ஆண்டர்சனும் சேர்ந்து நடித்துத் தோழிகளாகியிருந்தார்கள். பிறகு ஒருநாள் ஸ்டாக்ஹோமில் இருவரும் நடந்துபோகையில் பெர்க்மன் எதிரே வந்தார், இரண்டு முகங்களின் சாயல் அவரைப் பிடித்துக்கொண்டது, அதிலிருந்து 'பெர்சோனா' பிறந்தது என்று சம்பந்தப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1965இல் எடுத்து 1966இல் வெளியான படம். பார்த்தவருக்குக் கதை தெரியும், பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிடும் நடிகை எலிசபெத்தாக உல்மன், அவரைக் கவனித்துக்கொள்ள வந்து தன் கதையையெல்லாம் கொட்டித் தீர்க்கும் நர்ஸ் ஆல்மாவாக ஆண்டர்சன். உல்மனுக்குப் படம் முழுக்கச் சில சொற்கள்தான் வசனம். ஒரு நடிகை உலகப்புகழ் பெற்றது வாயைத் திறக்காத வேடத்தில்.

இந்தப் படத்தில் ஒரு காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எலிசபெத்துக்குத் தன் குழந்தை மீது பாசமே வரவில்லை என்பதை ஆல்மா நீளமாக எடுத்துச் சொல்கிற காட்சி. முதலில் கேமரா கேட்டுக்கொண்டிருக்கும் உல்மனின் முகத்திலேயே இருக்கிறது. பேச்சு முடிகிறது. உடனே அதே பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, இப்போது கேமரா பேசுகிற ஆண்டர்சனின் முகத்தில். எந்த எடிட்டராக இருந்தாலும் இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டி ஒரே காட்சியாக்கியிருப்பார். நானும் அதைத்தான் செய்திருப்பேன். பெர்க்மன் இரண்டையும் முழுதாக வைத்தார். முடிவில் இரண்டு பாதி முகங்கள் சேர்ந்து ஒரே முகமாகின்றன, அந்த ஃபிரேம்தான் பிரபலம். ஆனால் எனக்கு முக்கியம் அந்த ஒட்டுமுகம் இல்லை, முதல் பாதி. ஒரு நீண்ட பேச்சு முழுவதையும் பேசாத முகத்தின் மீதே வைத்துக் காட்டலாம், பார்ப்பவன் நகரமாட்டான் என்கிற துணிச்சல். அந்தத் துணிச்சல் இயக்குநருடையது. அதைத் தாங்கியது அந்த முகம்.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவரின் ரியாக்‌ஷன் ஷாட் எங்களுக்குப் பெரும்பாலும் ஒட்டுத்துணி. பேசுகிறவர் வசனத்தில் தடுக்கினால், இரண்டு டேக்கை ஒன்றாக்க வேண்டி வந்தால், நடுவில் கேட்பவரின் முகத்தைப் போட்டுக் கிழிசலை மறைப்போம். அந்த முகம் அந்த வசனத்துக்கான முகமாகக்கூட இருக்காது. 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் நடிகர் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு நொடியை வெட்டி எடுத்துப் போட்டு, அது பெரிய சோகம் என்று நீங்கள் நம்பிப் பார்த்திருக்கிறீர்கள். இது நடப்பதற்குக் காரணம், பெரும்பாலான நடிகர்களின் 'கேட்கும் முகம்' ஒரே நிலையில் நிற்பது. எங்கே வெட்டினாலும் ஒன்றுதான். உல்மனின் முகத்தை அப்படி வெட்டிப் பயன்படுத்த முடியாது என்பது என் கணிப்பு. அவர் கேட்கும் ஷாட்டின் தொடக்கத்தில் இருக்கும் பெண் வேறு, முடிவில் இருப்பவர் வேறு. நடுவில் ஏதோ ஒரு சொல் உள்ளே இறங்கியிருக்கிறது, அது எந்தச் சொல் என்றுகூட நம்மால் சொல்ல முடிகிறது. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் பொய்யாகிவிடும்.

சரி, பெர்க்மன் கதைக்கு வருவோம், தவிர்க்க முடியாது. 'பெர்சோனா' படப்பிடிப்பின்போது காதல் தொடங்கியது. ஸ்வீடனின் ஃபோரோ தீவில் பெர்க்மன் கட்டிய வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1966இல் மகள் லின் பிறந்தாள். இன்று அவர் நார்வேயின் முக்கியமான நாவலாசிரியர்களில் ஒருவர். 1970வாக்கில் பிரிந்தார்கள். இந்த ஐந்து வருடத்தை வைத்துத்தான் 'தேவதையும் கலைஞனும்' என்கிற மாதிரிக் கட்டுரைகள் இன்றுவரை வருகின்றன. படங்களை எண்ணிப் பாருங்கள். பெர்க்மன் இயக்கத்தில் உல்மன் நடித்தவை பத்து. அதில் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் எடுத்தவை நான்குதான்: 'பெர்சோனா', 'ஹவர் ஆஃப் தி வுல்ஃப்', 'ஷேம்', 'தி பேஷன் ஆஃப் அன்னா'. மீதி ஆறும் பிரிவுக்குப் பிறகு. 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்', 'ஃபேஸ் டு ஃபேஸ்', 'ஆட்டம் சொனாட்டா' எல்லாம் இந்தப் பக்கத்தில் விழுபவை. காதலி என்பதுதான் காரணம் என்றால் பிரிந்தபிறகு முப்பது வருடம் அந்த மனிதர் ஏன் திரும்பத் திரும்ப இவரையே கூப்பிட வேண்டும்?

"நீ என்னுடைய ஸ்ட்ராடிவேரியஸ்" என்று பெர்க்மன் தன்னிடம் சொன்னதாக உல்மனே பல இடங்களில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். உலகின் விலைமதிப்பற்ற வயலின் என்று பாராட்டு. எனக்கு அதில் ஒரு சின்னக் கசப்பு உண்டு. வயலின் தானாக வாசிக்காது, இல்லையா? நம் நண்பரின் கேள்விக்கு விதை போட்டதே இந்தப் பாராட்டுதான் என்று தோன்றுகிறது.

வயலினை வேறொருவர் கையில் கொடுத்துப் பார்ப்போமே. யான் த்ரோயல் என்ற ஸ்வீடிஷ் இயக்குநர் 1971இல் 'தி எமிக்ரன்ட்ஸ்', 1972இல் அதன் தொடர்ச்சியாக 'தி நியூ லேண்ட்' என்று இரண்டு நீண்ட படங்கள் எடுத்தார். வில்ஹெல்ம் மோபெர்க் எழுதிய நாவல் வரிசை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மோலாந்து பகுதியின் கல்லும் கட்டாந்தரையுமான நிலத்தில் பிழைக்க வழியில்லாமல் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் கப்பலேறும் விவசாயக் குடும்பத்தின் கதை. கணவன் கார்ல் ஆஸ்கராக மாக்ஸ் வான் சிடோ, மனைவி கிறிஸ்டினாவாக உல்மன். த்ரோயல் இயக்கியதோடு கேமராவையும் தானே கையாண்டு, படத்தையும் தானே வெட்டினார். பெர்க்மனுடைய பாணிக்கு நேர் எதிர் என்றே சொல்லலாம்: வெளிச்சம் இயற்கையானது, முகத்துக்குப் பக்கத்திலேயே புல்லும் மாடும் சேறும் இருக்கும், யாரும் ஆன்மாவைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இதில் கிறிஸ்டினா ஊரைவிட்டுப் போக மறுப்பவள். கடலுக்குப் பயம், பிள்ளைகள் மேல் பயம். பசி தாங்காமல் மூத்த மகள் சரியாக வேகாத கஞ்சித் தானியத்தை அள்ளித் தின்று, அது வயிற்றில் ஊறிப் பெருத்துச் செத்துப்போகிறாள். அதன் பிறகுதான் கிறிஸ்டினாவின் 'மாட்டேன்' தளர்கிறது. அவள் மனது மாறியதை விளக்க ஒரு நீண்ட வசனம் தேவைப்படவில்லை. இரண்டாம் படத்தின் முடிவுவரை கிறிஸ்டினாவுக்குள் ஊர் ஏக்கம் மெல்ல மெல்ல எப்படிக் கெட்டிப்படுகிறது என்பதை உல்மன் வேலைகளின் ஊடாகவே காட்டுகிறார்: பிள்ளையைத் தூக்குவது, மாவைப் பிசைவது, நடுவில் கை ஒரு கணம் நிற்பது. ஆறு மணிநேரத்துக்கும் மேற்பட்ட இந்த இரண்டு படங்களில் பெர்க்மனின் நிழல்கூட இல்லை. 'தி எமிக்ரன்ட்ஸ்' படத்துக்காக கோல்டன் குளோப் விருதும் முதல் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தன. அந்த வருட ஆஸ்கர் 'கேபரே' படத்துக்காக லைசா மினெல்லிக்குப் போனது. ஆகவே முதல் கேள்விக்குத் தயக்கமில்லாமல் சொல்லலாம்: பெர்க்மன் இல்லாமலும் உல்மன் இருக்கிறார். ஒரே பிரச்சினை, அந்த இரண்டு படங்களை நம்மில் அதிகம் பேர் பார்ப்பதில்லை.

இனி ஹாலிவுட். 1972 டிசம்பரில் டைம் பத்திரிகை அட்டையில் போடும் அளவுக்கு எதிர்பார்ப்பு. தொடர்ந்து வந்தவை இவை: 1973இல் இசைப்படமாக மறுபடி எடுத்த 'லாஸ்ட் ஹொரைசன்', அதே வருடம் 'ஃபார்ட்டி கேரட்ஸ்' என்ற நகைச்சுவை, 1974இல் ஸ்வீடன் ராணி கிறிஸ்டினாவாக 'தி அப்டிகேஷன்', ஜீன் ஹேக்மனுடன் 'ஸேண்டிஸ் ப்ரைட்'. 'லாஸ்ட் ஹொரைசன்' படுதோல்வி; அதன் பாடல்களை உருவாக்கிய பர்ட் பகராக், ஹால் டேவிட் கூட்டணியே அதோடு உடைந்தது. 'ஃபார்ட்டி கேரட்ஸ்' படத்தில் முப்பத்து நான்கு வயது உல்மன், இருபத்திரண்டு வயது இளைஞன் மீது காதல் கொள்ளும் நாற்பது வயது நியூயார்க் பெண். நல்ல நகைச்சுவை நடிகை ஒருவர் ஊதித் தள்ளியிருக்கும் வேடம்.

இதில் நம் நண்பருக்கு இன்னொரு சங்கடமான தகவல்: 'ஸேண்டிஸ் ப்ரைட்' படத்தை இயக்கியவரும் அதே த்ரோயல்தான். அதே இயக்குநர், அதே நடிகை, கதையும் புது மண்ணில் குடியேறியவர்கள் பற்றியது, ஆனாலும் அந்தப் படம் எழவில்லை. அதனால் 'நல்ல இயக்குநர் இல்லாததால் தோற்றார்' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்க முடியாது. என் தொழில் கண்ணுக்குத் தெரிவது இது: அந்தப் படங்களின் வெட்டு வேறு. பேசுகிறவர் முகம், பதில் சொல்கிறவர் முகம், மறுபடி பேசுகிறவர் முகம். வசனம் முடிந்ததும் ஷாட் முடிந்துவிடும். உல்மனின் முகத்தில் சுவாரசியமான விஷயம் நடப்பது வசனம் முடிந்த பிறகு வரும் நான்கைந்து நொடிகளில். அதை வெட்டிப் போட்டுவிட்டால் மிச்சமிருப்பது அந்நிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் ஓர் அழகான பெண், அவ்வளவுதான். இது நிரூபிக்கக்கூடிய விஷயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரைக்கதையே பலவீனமாக இருந்தது என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்கமாட்டேன்.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். 'லாஸ்ட் ஹொரைசன்' அமெரிக்காவில் வெளியானது 1973 மார்ச். அடுத்த மாதம், ஏப்ரலில், ஸ்வீடிஷ் தொலைக்காட்சியில் ஆறு வாரத் தொடராக ஒன்று ஆரம்பித்தது. பெரிய ஸ்டுடியோவின் பணத்தைக் கொட்டி எடுத்த படத்தில் காணாமல் போன அதே முகம், 16 எம்எம் கேமராவில், சிக்கன பட்ஜெட்டில், பெரும்பாலும் இரண்டே பேர் ஓர் அறையில் பேசிக்கொண்டிருக்கும் தொடரில், ஒரு நாட்டையே உட்கார வைத்தது. அதுதான் 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்'. மரியன்னேவாக உல்மன், கணவன் யோஹானாக எர்லாண்ட் யோசஃப்சன்.

மரியன்னே விவாகரத்து வழக்குகளைப் பார்க்கும் வக்கீல். இரண்டாம் பகுதியில் அவள் அலுவலகத்துக்கு வயதான ஒரு பெண் வருகிறாள். இருபது வருடத்துக்கு மேல் நீண்ட திருமணம், சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, கணவன் நல்லவன், ஆனாலும் பிரிய வேண்டும். ஏன்? அன்பே இல்லை. தன்னிடம் அன்பு செலுத்தும் சக்தி இருக்கிறது, ஆனால் அது உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது, இப்போது புலன்களே மங்கி வருகின்றன, இந்த மேசையைத் தொட்டால்கூட அந்த உணர்வு மெலிந்து வறண்டு தெரிகிறது என்கிறாள். மரியன்னே தொழில்முறைப் புன்னகையோடு கேட்க ஆரம்பிக்கிறாள். பேச்சு போகப்போக வந்தவளைப் பற்றிய செய்தி தன்னைப் பற்றிய செய்தியாக மாறுவது அவள் முகத்தில் தெரிகிறது, ஆனால் வக்கீலின் மரியாதை கலையவில்லை. எனக்குத் தெரிந்து இந்தத் தொடரின் அஸ்திவாரமே இந்தக் காட்சிதான். இதற்கு அடுத்த பகுதியில் யோஹான் வந்து, வேறொரு பெண்ணைக் காதலிக்கிறேன், நாளைக் காலை அவளோடு பாரிஸ் போகிறேன் என்று சொல்லும்போது மரியன்னே கத்திக் கூப்பாடு போடவில்லை. பயணத்துக்கு எடுத்துவைக்க வேண்டிய துணிகளைப் பற்றிப் பேசுகிறாள். அவன் போனபிறகு நண்பருக்குத் தொலைபேசி செய்கிறாள். அவர்களுக்கெல்லாம் விஷயம் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிற முகம் மறுபடியும்.

நான்காம் பகுதியில் பெர்க்மன் இதைத் தலைகீழாக்குகிறார். தன்னைப் பற்றி முதன்முறையாக எழுதி வைத்ததை மரியன்னே உரக்கப் படிக்கிறாள். படிக்கப் படிக்கத் திரையில் சிறுமிப் பருவத்துப் புகைப்படங்கள் வருகின்றன. அவை உல்மனின் சொந்தப் படங்கள். படித்து முடித்து நிமிர்ந்தால் யோஹான் தூங்கிவிட்டான். இதைவிடக் கொடுமையான வெட்டு நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்த பெண்ணுக்குக் கேட்க ஆளில்லை என்பதை ஒரே ஷாட்டில் சொல்லியாகிவிட்டது.

இந்தத் தொடரைப் பற்றி ஓயாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: இதைப் பார்த்துவிட்டு ஸ்வீடனில் விவாகரத்து எகிறியது என்று. அடுத்த வருடம் விவாகரத்துகள் கூடியது உண்மை. ஆனால் 1974இல்தான் ஸ்வீடனில் சட்டமே மாறியது. யார் மீது குற்றம் என்று நிரூபிக்காமலே பிரியலாம் என்று வழி திறந்தது. ஏற்கனவே வரிசையில் நின்றவர்கள் ஒரேயடியாகக் கதவைத் தாண்டிய வருடம் அது. தொடருக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்திருக்கலாம் என்று யாராவது வாதிட்டால் வாதிடட்டும், ஆனால் 'தொடரால்தான்' என்பதை நம்பாதீர்கள். நிச்சயமான விஷயம் வேறொன்று: இதைச் சுருக்கித் திரையரங்குப் படமாக அமெரிக்காவில் வெளியிட்டபோது, முன்பே தொலைக்காட்சியில் வந்துவிட்டது என்பதால் ஆஸ்கர் போட்டிக்கே தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். அவருடைய சிறந்த நடிப்பு என்று நான் நினைப்பதற்குப் பரிந்துரைகூட இல்லை. இரண்டாவது பரிந்துரை 'ஃபேஸ் டு ஃபேஸ்' படத்துக்குக் கிடைத்தது, 1976இல் வந்தது. அதுவும் ஸ்வீடிஷ் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்பட்டதுதான்.

தொலைக்காட்சி இவருக்கு ஏன் பொருந்தியது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. சின்னத்திரைக்கு முகம்தான் நிலக்காட்சி. நேரமும் தாராளம், ஒரு பகுதிக்கு ஐம்பது நிமிடம் என்றால் பத்து நிமிடத்தை ஒரே உரையாடலுக்குக் கொடுக்கலாம். பெரிய திரையில் பத்து நிமிடம் க்ளோசப்பைத் தாங்கக்கூடியவர்கள் அபூர்வம். வீட்டுக் கூடத்தில், எதிர் நாற்காலியில் இருப்பவர் மாதிரி, அது இயல்பாகிவிடுகிறது. (நம் தொடர்களில் ஒரு வசனத்துக்கு ஏழு பேரின் முகத்தை மும்மூன்று தடவை காட்டுகிறோமே என்று கேட்காதீர்கள். அதை வெட்டியவர்களில் நானும் ஒருவன், அந்தப் பாவத்தை இன்னொரு நாள் பேசலாம்.)

1978இன் 'ஆட்டம் சொனாட்டா' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வரிவிவகாரத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற அவமானத்தில் பெர்க்மன் ஸ்வீடனைவிட்டு வெளியேறியிருந்த காலம், அதனால் படம் நார்வேயில் எடுக்கப்பட்டது. புகழ்பெற்ற பியானோ கலைஞரான அம்மாவாக இங்ரிட் பெர்க்மன், கண்ணாடி போட்ட, தன்னைச் சுருக்கிக்கொண்ட மகள் ஈவாவாக உல்மன். மகள் ஷோபன் இயற்றிய பிரெலூட் என்ற சின்ன இசைத்துண்டு ஒன்றை வாசித்துக் காட்டுகிறாள், சுமாராக. அம்மா பாராட்டுவதுபோல ஏதோ சொல்லிவிட்டு, இதை எப்படி வாசிக்க வேண்டும் என்று விளக்கி, தானே வாசிக்கிறாள். அம்மா வாசிக்கும்போது மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பியானோவை அல்ல, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஃபிரேமில் இரண்டு முகம், வெட்டு இல்லை. வியப்பு, பொறாமை, பழைய கெஞ்சல், வெறுப்பு என்று நான்கு சொற்களை இங்கே எழுதிவிட்டேன். அந்த முகத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, ஒரே நேரத்தில் இருக்கின்றன. படத்தின் பின்பாதியில் மகள் பேசித் தீர்க்கும் அத்தனையும் இந்த ஷாட்டிலேயே சொல்லப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றும். சிறுவயது ஈவாவாக வருவது லின் உல்மன்.

மேடையைப் பற்றி நான் பார்த்துச் சொல்ல வழியில்லை, பதிவுகளை வைத்துச் சொல்கிறேன். ஹாலிவுட் கைவிட்ட அதே அமெரிக்காவில், 1975இல் நியூயார்க் மேடையில் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் நோராவாக நடித்து, நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரை பெற்றார், 1977இல் 'அன்னா கிறிஸ்டி' நாடகத்துக்காக மறுபடியும். ஆங்கில உச்சரிப்புதான் தடை என்று சொல்பவர்களுக்கு இது பதிலாகலாம். அந்த ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய தன்வரலாறும் பல மொழிகளில் பரவலாக வாசிக்கப்பட்டது. 1980இலிருந்து யுனிசெஃப் நல்லெண்ணத் தூதர்.

அப்புறம் இயக்கம். 1992இல் டென்மார்க்கில் 'சோஃபி', 1995இல் சிக்ரிட் உன்செட்டின் நாவலை வைத்து 'கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்தாட்டர்', பிறகு பெர்க்மன் எழுதிக் கொடுத்த இரண்டு: 1996இல் தொலைக்காட்சிக்காக 'ப்ரைவேட் கன்ஃபெஷன்ஸ்', 2000இல் 'ஃபெய்த்லெஸ்'. கடைசியாகச் சொன்னதைத்தான் என் வாதத்துக்கு முக்கியமான சாட்சியாக வைக்கிறேன். பெர்க்மன் தன் பழைய துரோகம் ஒன்றின் உறுத்தலில் எழுதிய கதை. அதைத் தானே எடுக்காமல் உல்மனிடம் கொடுத்தார். படத்தில் 'பெர்க்மன்' என்றே பெயர் கொண்ட முதிய கலைஞர் ஒருவர் தீவு வீட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பெண் வந்து நடந்ததையெல்லாம் சொல்கிறாள். சொல்பவள் லெனா எண்ட்ரே. கேட்பவர் அதே எர்லாண்ட் யோசஃப்சன், அன்றைக்குத் தூங்கிப்போனவர். இந்தத் தடவை தூங்கவில்லை. கேட்பவரின் முகத்தில் கேமராவை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று அந்தப் படத்தின் இயக்குநருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழாப் போட்டியில் இருந்தது. அடுத்த வருடம் அதே விழாவுக்கு உல்மன் நடுவர் குழுத் தலைவர்.

2003இல் பெர்க்மனின் கடைசிப் படைப்பான 'சராபந்த்' வந்தது, அதுவும் தொலைக்காட்சிக்குத்தான். மரியன்னேவும் யோஹானும் முப்பது வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். 2012இல் வெளியான 'லிவ் அண்ட் இங்மர்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் இந்தியரான தீரஜ் அகோல்கர்; அதில் உல்மன் அந்த வாழ்க்கையைத் தானே சொல்கிறார். சொல்பவர் ஒருவர் மட்டும் என்பதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டிய படம். 2022இல், எண்பத்து மூன்று வயதில், அகாடமி ஒரு கௌரவ ஆஸ்கர் கொடுத்தது. போட்டியில் வென்ற ஆஸ்கர் ஒன்றுகூட இல்லை.

இப்போது நேரடியாகப் பதில். பெர்க்மன் அவரைக் 'கண்டுபிடிக்கவில்லை', மேடை ஏற்கனவே கண்டுபிடித்திருந்தது. பெர்க்மனும், அவருடைய ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டும் கொடுத்தது நேரம்: ஷாட்டை வெட்டாமல் விட்டுவைக்கும் பொறுமை. த்ரோயலும் முதல் இரண்டு படங்களில் அதைக் கொடுத்தார். ஹாலிவுட் கொடுக்கவில்லை. பெர்க்மனைச் சந்திக்காமலே இருந்திருந்தால் உலகம் இவரை அறிந்திருக்குமா என்று கேட்டால், நார்வே மேடையின் பெரிய நடிகையாக மட்டும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அது ஊகம், வேறொருவர் வேறுமாதிரி ஊகிக்கலாம்.

எங்கே தொடங்குவது? 'பெர்சோனா' பார்த்தாகிவிட்டது என்பதால் உடனே 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்' பக்கம் போகாதீர்கள், மூச்சு முட்டும். 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' தொடரை எடுங்கள். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணிநேரத்துக்குச் சுருக்கிய திரையரங்கு வடிவம் வேண்டாம், ஆறு பகுதிகள் உள்ள முழுத் தொடர்தான். ஓர் இரவுக்கு ஒரு பகுதி, இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அது முடிந்ததும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி 'தி எமிக்ரன்ட்ஸ்', 'தி நியூ லேண்ட்'. பிறகு 'ஆட்டம் சொனாட்டா'. 'லாஸ்ட் ஹொரைசன்' பார்த்தே தீருவேன் என்றால் பாருங்கள், ஆனால் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, உல்மன் பேசி முடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நொடியில் கட் விழுகிறது என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.